ஜெர்மனிப் பெட்டியின் தவக்காலம்

ராயபுரத்தில் எங்கள் கோவிலுக்கு மணி உண்டு, கொடிமரம் உண்டு, நல்ல சாமியாரும் உண்டு. இவை போதாதென்று துக்க வார ஒழுங்குச் சபை என்று ஒன்றும் உண்டு. ஆண்டவர் பாடுபட்டு மரித்தது முறைப்படிதான் நடந்ததா என்று வருடந்தோறும் சரிபார்ப்பது அதன் வேலை. சாமியார் அதில் தலையிடமாட்டார். தலையிட்ட முந்தைய சாமியாரை மாற்றிவிட்டார்கள்.

பெரிய வெள்ளியன்று பிற்பகலில் புலம்பல் சொல்வது எங்கள் குடும்பத்தின் உரிமை. படகுகளில் சரக்கு இறக்கிய எங்கள் பாட்டனாரின் பாட்டனார் கட்டிய புலம்பல் அது. மாதா தன் மகனைத் தேடித் தெருத்தெருவாகப் போய், எதிர்ப்பட்டவர்களை எல்லாம் விசாரிப்பதுபோல வரும். அச்சில் வந்ததில்லை. தலைமுறைக்கு ஒருவர் மனப்பாடம் செய்து பிரசங்கத் தொட்டியில் ஏறிச் சொல்வார். எங்கள் தலைமுறையில் அது என் தம்பி லியோனார்டுக்கு வாய்த்தது. துறைமுகத்தில் கிரேன்காரர்களை அதட்டி அதட்டி என் தொண்டை ஒரே சுருதியில் நின்றுவிட்டது. அந்தச் சுருதியில் மாதா பேசமாட்டாள்.

லியோனார்ட் சொன்னால் கல்லும் கரையும் என்பார்கள். கல்லைப் பற்றி எனக்குத் தெரியாது. முகத்துவாரக்குப்பத்து மீன்காரி கன்னியம்மா, தன் சனங்களைக் கூட்டிக்கொண்டு வருடம் தவறாமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து அழுவாள். அவள் கோவில் வேறு, சாமி வேறு. அதைச் சபையார் ஒருமுறை எடுத்துச் சொன்னபோது, “பெத்தவ அழுவுறா. அத்த கேக்கறதுக்கு நான் எந்தச் சாமிகிட்ட சீட்டு வாங்கினு வரணும்?” என்று கேட்டாள். சபை அந்தக் கேள்வியை ஆலோசனைக்கு எடுத்துக்கொண்டது. இன்னும் ஆலோசித்துக்கொண்டிருக்கிறது.

அறுபத்தெட்டாம் வருடம் கார்த்திகையில் லியோனார்டின் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டால் உயிர் நிற்கும், குரல் நிற்காது என்று டாக்டர் சொன்னார். தவக்காலத்துக்கு முன்பே எடுத்தாக வேண்டும். நான் சபைத் தலைவர் சிலுவைமுத்துவைப் பார்க்கப் போனேன். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கோவிலுக்கு வரும் சனங்களை நிறுத்தியும் போகவிட்டும் வந்தார்.

“சட்டம் தெளிவா இருக்கு, அருள்பிரகாசம்,” என்றார். “படிக்கிறவர் உயிரோட இருக்கிற வரைக்கும் வேறொருத்தர் அந்தப் புலம்பலைச் சொல்லக் கூடாது. இது ஒரு சட்டம். ஒரு வருஷம் உங்க குடும்பத்துக் குரல் கேக்கலைன்னா உரிமை சபைக்கு வந்துடும். இது இன்னொரு சட்டம். ரெண்டும் நல்ல சட்டம். உங்க தம்பி ரெண்டுக்கும் நடுவுல போய் நின்னுகினா அது சட்டத்தோட குத்தமா?”

“வழியே இல்லையா?”

“ஏன் இல்ல? அவர் காலமாயிட்டா நீங்க வேற ஆளை நிறுத்தலாமே. சபை தடுக்காது. அனுதாபத் தீர்மானம்கூடப் போடும். ஆபரேஷன் வேணாம்னு விட்டா டாக்டர் எவ்ளோ நாள் சொல்றாரு?”

பக்கத்தில் இருந்த காரியதரிசி குனிந்து, “தவக்காலம் ஆரம்பிக்கிற சாம்பல் புதனுக்கு முன்னாடின்னா நமக்கும் ஏற்பாடு பண்ணச் சௌகரியம்,” என்றார். நல்ல மனிதர். யாருக்கும் சிரமம் வரக்கூடாது என்று நினைப்பவர்.

எங்கள் குடும்பத்தில் உரிமைக்காகச் செத்தவர்கள் உண்டு. ஆனால் சபையின் சௌகரியத்துக்காக யாரும் செத்ததில்லை. நான் எழுந்து ஒன்றே ஒன்று கேட்டேன். “சட்டப்படி கேட்க வேண்டியது குரல்தானே? ஆள் இல்லையே?”

“குரல்தான்,” என்றார் சிலுவைமுத்து. எதற்குக் கேட்டேன் என்று அவர் யோசிப்பதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் யானைக்கவுனியில் அத்தாவுல்லாவின் கடையில் நின்றேன். கப்பல்களில் கழித்துவிட்ட சாமான்களை எல்லாம் அவர் வாங்கி விற்பார். பேசினால் பிடித்து வைத்துக்கொண்டு, கேட்டால் திருப்பிச் சொல்லும் டேப் ரெக்கார்டர் ஒன்றை அங்கே பார்த்திருந்தேன். சூட்கேஸ் அளவு பெட்டி. மேலே இரண்டு சக்கரம், அவற்றில் ஓடும் பழுப்பு நாடா.

“ஜெர்மன் சரக்கு நைனா. நீ தும்மினா தும்மலக்கூட அப்படியே வெச்சிருந்து திருப்பிக் குடுக்கும்,” என்றார் அத்தாவுல்லா. “ஒண்ணு மட்டும் கெவனம். இந்தச் செவப்பு பட்டன அமுக்கினா புதுசா புடிக்கும். புதுசு ஏறுச்சுன்னா பழசு பூடும். பூட்டா பூட்டதுதான். என்கிட்ட வந்து அழுவாத.”

வீட்டில் சுவரில் பிளக் கிடையாது. பல்பைக் கழற்றிவிட்டு அந்தக் கூட்டிலேயே ஒயரை மாட்டினேன். கூடம் இருண்டது, பெட்டியின் கண் பச்சையாக எரிந்தது. நானும் லியோனார்டும் கப்பலை வடத்தில் கட்டியவர்கள். இந்த நாடா எங்கள் கையில் நிற்கவில்லை. தரையெல்லாம் இடியாப்பம் பிழிந்ததுபோல விழுந்தது. லியோனார்டின் மனைவி பிலோமி ஊருக்கு ஜாக்கெட் தைக்கிறவள். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “தள்ளுங்க மச்சான்,” என்று சொல்லிவிட்டு, மிஷினில் நூல் கோப்பதுபோலக் கோத்து முடித்தாள்.

புலம்பலைப் பிடிக்க ஆரம்பித்தோம். முதல் தடவை மாதா தெருவில் இறங்கியதும் கூட்ஸ் வண்டி கூவியது. அடுத்த தடவை லியோனார்டே நிறுத்திவிட்டான்.

“சுவத்தைப் பாத்து எப்படிண்ணே புலம்புறது? எதிர்ல யாராவது அழுவணும்.”

பிலோமி அவனுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். அவளுக்கு அழுவதற்கான காரணத்தை வெளியே தேட வேண்டியிருக்கவில்லை. அவன் கடைசி வரி வரைக்கும் சொன்னான். நாடா நின்றபிறகு, “தண்ணி குடு பிலோமி,” என்றான். அது பெட்டியில் இல்லை.

ஆபரேஷன் முடிந்து, மூச்சுவிடக் கழுத்தில் ஒரு துளையும் அதன்மேல் சுற்றிய துணியுமாக வீடு திரும்பினான். சபைக்கு மனுச் செய்தோம்.

சபை கூடியது. கோவிலை ஒட்டிய அறையில் நீள மேசை, அதன்மேல் பெட்டி. காரியதரிசி அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு முதல் கேள்வி கேட்டார். “இது எந்த ஊர்?”

“ஜெர்மனி,” என்றேன்.

சிலுவைமுத்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ஜெர்மனியா? லூத்தர் பிறந்த தேசம் ஆச்சே!”

“பெட்டிக்கு ஏதுங்க லூத்தர்?”

“அப்படிச் சாதாரணமாச் சொல்லாதீங்க. திருச்சபையை ரெண்டாக்கின தேசத்துலேருந்து ஒரு பெட்டி வந்து, நம்ம பிரசங்கத் தொட்டியில உக்காந்து, நம்ம மாதாவைப் பத்திப் பேசும். நாளைக்கு அது என்ன பேசும்னு யாருக்குத் தெரியும்?”

ஜெர்மனியின் தெற்குப் பக்கம் நம்மவர்களான கத்தோலிக்கர்கள், வடக்குப் பக்கம் லூத்தரின் ஆட்கள் என்று காரியதரிசிக்குத் தெரிந்திருந்தது. ஆகவே பெட்டி பிறந்தது தெற்கிலா வடக்கிலா என்று விற்றவரிடம் விசாரித்துவரச் சபை என்னைப் பணித்தது. இந்த வயதில் யானைக்கவுனிக்கு மறுபடியும் நடந்தேன். அத்தாவுல்லா சிரிப்பை அடக்கக் கல்லாவைப் பிடித்துக்கொண்டார்.

“பொட்டிக்கு இன்னா மதம்னா கேட்டு வுட்டாங்க? ரெண்டு வருசமா என் கடைல குந்திகினு அஞ்சு வேளையும் பாங்கு கேட்டுச்சி நைனா. அதையும் போய்ச் சொல்லிராத. அப்புறம் எனக்கே திருப்பிக் குடுத்துருவாங்க.” பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, “தெக்குன்னு சொல்லு,” என்றார்.

தெற்கு என்று சொன்னேன். சபை மூச்சுவிட்டது. ஆனால் பெட்டியின் முற்கால நடத்தை விசாரணைக்கு வந்தது. அது சினிமாப் பாட்டுப் பாடியிருக்கக்கூடும் என்று ஓர் உறுப்பினர் சந்தேகப்பட்டார். பாடியிருக்கலாம் என்றேன். பெட்டி பாவப்பரிகாரமாகத் தவக்காலம் முழுதும் மௌனம் காக்க வேண்டும், சபை கேட்டால் மட்டும் பேசலாம் என்று தீர்மானமாயிற்று. படிப்பவர் கறுப்பு உடுத்துவது வழக்கம். ஆகவே பெட்டிக்குக் கறுப்புத் துணி. படிப்பவர் வியாழன் மாலையிலிருந்து ஒருசந்தி உபவாசம் இருப்பது வழக்கம். ஆகவே அதற்கு வியாழன் மாலையிலிருந்து கரண்டு கிடையாது.

படிப்பவர் வெறுங்காலோடு தொட்டியில் ஏறுவதும் வழக்கம். காரியதரிசி பெட்டியைச் சாய்த்துப் பார்த்தார். அடியில் நான்கு ரப்பர்க் குமிழ்கள்.

“செருப்பு!” என்றார்.

“அது ஆடாம நிக்கறதுக்குங்க,” என்றாள் வாசலில் நின்ற பிலோமி.

“எல்லாச் செருப்பும் அதுக்குத்தாம்மா,” என்றார் சிலுவைமுத்து. நான்கையும் திருகிக் கழற்றினார்கள். அன்றிலிருந்து அந்தப் பெட்டி மேசையில் வைத்தால் நடுங்கியது. பயபக்தி வந்துவிட்டது என்று சபை குறித்துக்கொண்டது.

கடைசியாக, குரலைக் கேட்டுப் பார்க்கும் நாள். மனுதாரரான லியோனார்ட் மட்டும் உள்ளே வரலாம், உறவினர் வரக் கூடாது என்று என்னையும் பிலோமியையும் வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள். எல்லா உறுப்புகளும் பரிசோதனைக்கு வர வேண்டும் என்றதால் மைக்கையும் மாட்டித்தான் கொடுத்திருந்தோம். பிலோமி கதவிடுக்கு வழியாக, “செவப்ப மட்டும் தொடாதீங்கய்யா,” என்று சொன்னாள். பெண்கள் சபைக்கு யோசனை சொல்வதில்லை என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

உள்ளே என்ன நடந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? பெட்டியே சொன்னது. வீட்டுக்குக் கொண்டுவந்து சந்தேகத்தில் ஓட்டிப் பார்த்தோம். லியோனார்டின் குரலில் மாதா வீட்டைவிட்டுக் கிளம்பினாள். கிணற்றடிப் பெண்களைக் கேட்டாள். கோட்டை வாசலுக்கு வந்தாள். ‘காவல் நிற்கும் அண்ணாவே, என் மகன் இந்த வழி போனானோ?’ என்று கேட்டாள். டக்கென்று ஒரு சத்தம். பிறகு சிலுவைமுத்து பேசினார்.

“அமுக்கியாச்சு. முப்பது வருசம் ரயில்வேல இருந்தவன் நானு. செவப்புன்னா நிக்கணும். அந்தப் பொம்பள எனக்குச் சொல்லிக் குடுக்குறா.”

காரியதரிசியின் குரல்: “நிக்கலியே தலைவரே. சுத்திகினே கீது.”

“நிக்கும்யா. கூட்ஸ் வண்டி பிரேக் புடிச்ச ஒடனே நிக்குதா? மெதுவாத்தான் நிக்கும். லியோனார்ட், இன்னாத்துக்குக் கைய ஆட்டற? குந்து. யாருப்பா, அவன புடிங்க. சபை பேசறப்ப மனுதாரர் பொட்டிய தொடக் கூடாது. இன்னா சொல்லணுமோ வாயத் தொறந்து சொல்லேன்!”

நாற்காலி இழுபடும் சத்தம். என் தம்பியின் மூச்சு, துணிக்குள்ளிருந்து. அதற்குப் பிறகு, வெளியே போய்ச் சொல்ல முடியாதவன்தானே என்று அவன் எதிரிலேயே நீண்ட நேரம் சபை தன் சொந்தக் காரியங்களைப் பேசியது. நாடா தீரும் வரை பேசியது. அந்தப் பேச்சின் அடியில் லியோனார்டின் புலம்பல் அழிந்துபோயிருந்தது.

பிலோமி பெட்டியை நிறுத்தினாள். அழவில்லை. ஜாக்கெட் துணியை எடுத்துவைத்துத் தைக்க உட்கார்ந்து, ஊசி கோக்க முடியாமல் வைத்துவிட்டாள். லியோனார்ட் தன் குரல் இருந்த அந்த நாடாவை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தான்.

நான் சிலுவைமுத்து வீட்டுக்குப் போனேன். “நீங்க அமுக்கினது என் தம்பி குரலை அழிச்சுட்டுது. வந்து கேளுங்க,” என்றேன்.

அவர் முகம் கறுத்தது. பிறகு சிவந்தது. “மௌனத்துல இருக்கிற பெட்டியை வீட்டுல ஓட்டினீங்களா? யார் அனுமதியில?”

“குரல் போச்சுய்யா!”

“எப்படிப் போகும்? நான் அமுக்கினது செவப்பு. சபை தன் காதால கேட்டு, இது லியோனார்ட் குரல்தான்னு தீர்மானம் போட்டாச்சு. தீர்மானம் போட்ட பிறகு குரல் எங்க போகும்?” தவம் கலைத்த குற்றத்துக்காகப் பெட்டியைப் பெரிய வெள்ளி வரை கோவில் அறையில் பூட்டிவைக்க உத்தரவிட்டார். “தீர்மானிச்சபடி அது பேசும். பேசலைன்னா உரிமை போச்சு. அவ்வளவுதான்.”

வீட்டுக்கு வந்து லியோனார்டிடம் சொன்னேன். பேசவிடலாமா வேண்டாமா என்று கேட்டேன். அவன், போடட்டும் என்று கையசைத்தான். நானும் ஒப்புக்கொண்டேன். சபை கேட்டு அங்கீகரித்த குரலைச் சந்தேகிக்க நாங்கள் யார்?

பெரிய வெள்ளி. கோவிலில் கால் வைக்க இடமில்லை. சனங்களுக்கு லியோனார்டின் குரலைக் கேட்க வேண்டும். முகத்துவாரக்குப்பத்திலிருந்து கன்னியம்மா தன் சனங்களோடு வந்து கடைசி வரிசையில் தூணோரம் உட்கார்ந்திருந்தாள். பிரசங்கத் தொட்டியில் கறுப்புத் துணிக்குள் பெட்டி, செருப்பில்லாமல் நின்றது. கீழே முதல் வரிசையில் சபை.

காரியதரிசி பித்தானை அமுக்கிவிட்டு இறங்கினார். லியோனார்டின் குரல் எழுந்தது. அது போய்விட்டது என்று எண்ணியிருந்த சனம் ஒரே மூச்சில் தேம்பியது. கிணற்றடி வந்தது. கோட்டை வாசல் வந்தது. மாதா காவலரைக் கேட்டாள்: ‘என் மகன் இந்த வழி போனானோ?’

டக்.

“அமுக்கியாச்சு. முப்பது வருசம் ரயில்வேல இருந்தவன் நானு. செவப்புன்னா நிக்கணும்.”

பழக்கம் பொல்லாதது. நான்கைந்து பேர் அதற்கும் அழுதார்கள். காவலர் கடினமாகப் பேசுகிறார் என்று நினைத்திருப்பார்கள். சிலுவைமுத்து மட்டும் தன் குரல் எங்கிருந்து வருகிறது என்று கூரையைப் பார்த்தார். பெட்டி தொடர்ந்தது.

“...இந்தா பாருய்யா காரியதரிசி, லியோனார்டு செத்திருந்தா நமக்குப் பேஜாரே இல்ல. உயிரோட இருந்துகினு ஊமையா கீறான் பாரு, அதான் ரோதனை. இந்த வருசம் பொட்டி பேசிட்டுப் போவட்டும். வர்ற வருசம் எதுனா ஒரு குத்தம் கண்டுபுடிச்சித் தள்ளிட்டு என் மச்சினன ஏத்திடலாம்.”

“அவருக்குப் புலம்பல் தெரியாதே தலைவரே.”

“இன்னாத்துக்குத் தெரியணும்? சனங்க இன்னா புரிஞ்சா அழுவுது? கறுப்புத் துணியப் பாத்தா அழுவும். மேல நின்னு மீன் வெல படிச்சாக்கூட அழுவும். அந்த அருள்பிரகாசம் இருக்கானே, வெறப்பா நிப்பான். அவன் தலைக்கனம் அடங்கணும். அதுக்குத்தான் சபை...”

அழுதவர்கள் முகம் நிமிர்த்தித் தொட்டியைப் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து கன்னியம்மா எழுந்து இடுப்பில் கையை வைத்தாள்.

“யார்ரா அவன், மீன் வெல படிக்கிறவன்? எறங்கி வந்து படி! இன்னிக்கு வஞ்சிரம் இன்னா வெலன்னு சொல்லு பாக்கலாம். அழுவுறனா சிரிக்கிறனான்னு பாரு!”

“நிறுத்து! நிறுத்துய்யா!” என்று சிலுவைமுத்து கத்தினார். காரியதரிசி தொட்டிப் படியில் தாவி ஏறி, இந்தத் தடவை எந்த நிறத்தையும் நம்பாமல், ஒயரையே பிடுங்கினார். சிலுவைமுத்து சனங்களின் பக்கம் திரும்பினார். “அது என் குரல் இல்ல. ஜெர்மன் பொட்டி. நான் அன்னிக்கே சொன்னேன்.” பிறகு அவர் என்னைப் பார்த்து, “உங்க குடும்பத்துக் குரல் முழுசாக் கேக்கலை. உரிமை போச்சு,” என்றார். அந்த நேரத்திலும் சட்டம் அவர் நாக்கில் இருந்தது.

லியோனார்ட் எழுந்தான். செருப்பைக் கழற்றினான். தொட்டியில் ஏறி, பெட்டியைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு நின்றான். கழுத்துத் துணி மூச்சுக்கு உள்ளே போய் வெளியே வந்தது. கோட்டை வாசலில் மாதா நின்றுபோன இடத்திலிருந்து ஆரம்பித்தான். உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை.

அடுத்த வரி காவலர் சொல்லும் பதில். அவன் வாய் அதைச் சொல்லி முடிப்பதற்குள், தூணோரத்திலிருந்து குரல் வந்தது.

“போனாம்மா போனான், செமையோட போனான்.”

கன்னியம்மாதான். அச்சில் வராத வரியை, சுமையைச் செமையாக்கி, அவள் தன் வாய்க்கு ஏற்றபடி வைத்திருந்தாள். அதற்கடுத்த வரியைப் பெண்கள் பக்கத்தில் யாரோ சொன்னார்கள். அதற்கும் அடுத்ததைக் கோவிலே சொன்னது. வருடாவருடம் அழுதுகொண்டே கேட்டவர்கள். லியோனார்ட் மூச்சு வாங்க நின்ற இடங்களில் அவர்களும் நின்றார்கள். அவன் வேகமெடுத்தபோது எடுத்தார்கள். ஒரு சொல்லைக்கூட அவனுக்கு முந்திச் சொல்லவில்லை. துறைமுகத்துச் சுருதி என்று சொன்னேனே, அதில் நானும் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

புலம்பல் முடிந்ததும் ஒரு வழக்கம் உண்டு. பீடத்துக்கு முன் எரியும் கைவிளக்கைச் சபைத் தலைவர் எடுத்து, படித்தவர் கையில் கொடுப்பார். சனங்கள் அந்த விளக்கின் பின்னால் எங்கள் வீடு வரை மௌனமாக வந்து, வாசலில் கலைந்து போவார்கள். லியோனார்ட் இறங்கி வந்து கையை நீட்டினான். சிலுவைமுத்து விளக்கை எடுத்துத் தன் மார்போடு வைத்துக்கொண்டார்.

“சட்டப்படி குரல் கேட்டதா இல்லையான்னு சபை இன்னும் தீர்மானிக்கலை. தீர்மானிக்கிற வரைக்கும் விளக்கு சபையோட பொறுப்புல இருக்கும்.”

“வெச்சிக்கோ நைனா,” என்றாள் கன்னியம்மா. “பகலு வெளிச்சம் எங்களுக்குப் போதும்.”

லியோனார்ட் நீட்டிய கையை இறக்கிவிட்டு நடந்தான். பிலோமி அவன் பக்கத்தில் நடந்தாள். நான் பின்னால் நிமிர்ந்து நடந்தேன். கோவிலில் இருந்த சனம் முழுதும் எங்கள் பின்னால் வந்தது. தெருமுனையில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். ஆளில்லாத கோவில் வாசலில் சிலுவைமுத்துவும் காரியதரிசியும் மட்டும் நின்றார்கள். நல்ல வெயிலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை ஊதி அணைக்கும் அதிகாரம் தலைவருக்கா, காரியதரிசிக்கா என்று இருவரும் விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.